ரீடிங் எழுதுகிறவள்

மெக்கானிக்கல் படிக்க வந்த பெண்களுக்கு எங்கள் கல்லூரி லேபில் ஒரே வேலைதான், ரீடிங் எழுதுவது. டீசல் எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்வது பையன்கள். எடையை ஏற்றி இறக்குவதும் அவர்களே. மீட்டரைப் பார்த்து அவர்கள் எண்ணைக் கத்துவார்கள். சுவரோரம் நின்று நாங்கள் எழுதிக்கொள்வோம். இப்படி ஒரு விதியை யாரும் எந்தப் பலகையிலும் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

ஒருநாள் துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். லேப் உதவியாளர் ஓடிவந்தார். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர், நல்ல மனிதர்.

"வாணாம்மா, கையில அடிபட்டா உங்க வூட்டுக்கு யாரு பதில் சொல்றது? ஓரமா நின்னுகினு எழுது. உன் கையெழுத்துதான் அழகா இருக்குதே."

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விடுமுறையில் எங்கள் ஊர் நிலக்கரி மைன்ஸில் பயிற்சி. பையன்களை ஜீப்பில் ஏற்றி, கீழே சுரங்கத்துக்குள் கன்வேயர் பெல்ட் ஓடும் இடத்துக்கு அனுப்பினார்கள். எங்களை ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து வரைபடங்களைக் காட்டினார்கள். அப்பா அதே மைன்ஸில் மெக்கானிக், பர்மனென்ட். எனக்காகக் கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"அங்க லேடீஸுக்கு பாத்ரூம்கூட கிடையாதும்மா. வெயில்ல போய் என்னத்தப் பாக்கப்போற?" என்றபடி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆளாளுக்கு எனக்கு நல்லது செய்துகொண்டிருந்தார்கள்.

இறுதியாண்டில் ஒரு சிமெண்ட் கம்பெனி ஆள் எடுக்க வந்தது. ஆலையிலேயே வேலை. எனக்கு அது வேண்டும். கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"மழைக்காலம். கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமா ஒதுங்கி ஓடுது. முதல்ல எதைப் பாப்பீங்க?" என்று இன்டர்வியூவில் கேட்டார்கள்.

எனக்குத் தெரியும். ரோலரில் களிமண் ஒட்டியிருக்கும். பெல்ட்டை நிறுத்திவிட்டு அதைச் சுரண்ட வேண்டும். மழை பெய்கிற நாளெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்து புலம்புவது அதைப் பற்றித்தான். அவர் ஷூவில் அப்பியிருக்கும் களிமண்ணைக் குழாயடியில் குச்சியால் சுரண்டுகிறவளே நான்தான். ஆனால் நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டால்? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். இழுவிசை, கோணம் என்று புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன்.

வேலை என் வகுப்புப் பையனுக்குக் கிடைத்தது. லேபில் என்னைப் பார்த்து எண்ணைக் கத்துகிறவன்தான்.

"ரோலர்ல மண்ணு ஒட்டியிருக்கும், சுரண்டணும்னு சொன்னேன். அதான் ட்ரெயினிங்ல பாத்தோமே" என்றான்.

யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார். "சப்ஜெக்ட் எல்லாம் பிரமாதம்னாங்க. கான்ஃபிடன்ஸ்தான் பத்தலையாம்."

அதற்கும் மருந்து வைத்திருந்தார்கள். மறுவாரம் பெண்களுக்கு மட்டும் தன்னம்பிக்கைப் பயிற்சி. சென்னையிலிருந்து வந்திருந்த பெண்மணி நிமிர்ந்து உட்காரவும் கைகுலுக்கவும் சொல்லிக்கொடுத்தார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று, என்னால் முடியும் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, உனக்கு என்ன தயக்கம்?"

"தயக்கம் இல்லைங்க. லேப்ல அந்த எஞ்சின் கைப்பிடியை எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. முடியுதான்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டு, எனக்காகக் கைதட்டச் சொன்னார். கைதட்டல் அடங்கியபோது கீழே லேபில் எஞ்சின் ஓடுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஜூனியர் பையன் ஒருவன் எண்ணைக் கத்தினான். ஒரு பெண் குரல் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டது.