அளக்கக் கூடாத தாங்கி

செய்னுலாப்தீனின் வியாபாரத்தில் ஒரு முரண்பாடு இருந்தது. முப்பது ஆண்டுகளாக அது யாருக்கும் முரண்பாடாகத் தெரியவில்லை. வெளியே போகிற மண்ணெண்ணெயை ஒரு துளி பிசகாமல் அளப்பார். உள்ளே இருக்கிற மண்ணெண்ணெயை அளக்கவே மாட்டார். இருப்பை அளந்தால் பரகத், அல்லாஹ் தருகிற பெருக்கம், போய்விடும்.

அந்த நம்பிக்கை அவரோடு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஊரைவிட்டு விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களுக்கு வேறெதையும் கொண்டுவர அவகாசம் இருக்கவில்லை. முகாமின் கிடுகுக் கொட்டில்களில் பிஸ்மி சொல்லி அரிசிப் பானைக்குள் கையை விட்டு அள்ளுவார்கள்; மிச்சம் எவ்வளவு என்று எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தவர்களின் பானை அன்றே காலியானதற்குச் சாட்சிகள் உண்டு. பார்க்காதவர்களின் பானையும் காலியாகத்தான் செய்தது. அதற்கு யாரும் சாட்சி தேடவில்லை.

மைமூனா அவரைக் கலியாணம் முடித்தபோது அவரிடம் ஒரு சைக்கிளும் அதன் பின்னால் கட்டிய ஒரு கேனும் இருந்தன. வீடுகளில் விளக்கெரிந்த காலம் அது; போத்தல் போத்தலாக விற்றார். பிறகு ஒரு பீப்பாய், பீப்பாய்க்கு ஒரு கைப்பம்பு. மின்சாரம் வந்து விளக்குகள் அணைந்தபோது மண்ணெண்ணெய்க்காரனின் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் கண்டக்குழி மீன்பிடிப் போட்டுகளில் எஞ்சின்கள் பெருகியிருந்தன, அவை விளக்குகளைவிட நன்றாகக் குடித்தன. எண்ணெய் ஏற்றிய பழைய பவுசர் லொறி ஒன்றின் வயிற்றைச் சிலாபத்தில் இரும்புக்கு உடைக்கிற ஒருவரிடம் வாங்கி, வீட்டுப் பின்வளவு மணலில் தாங்கியாகப் புதைத்து, மேலே மீற்றர் வைத்த பம்பு நட்டு, ‘செய்னுலாப்தீன் அன்ட் சன்’ என்று பலகையும் மாட்டினார். மகன் சியாம் அப்போது முதலாம் வகுப்பு. இப்போது சொந்த லொறியில் தலவில வரைக்கும் எண்ணெய் இறக்குகிறான். பலகையில் மைமூனாவின் பெயர் இல்லை. பம்பின் கைபிடியைச் சுற்றுகிறவள் அவள்தான்.

இருப்பை அளக்காமல், தீர்ந்ததை எப்படி அறிவார்கள்? பம்பு இருமும். உறிஞ்சு குழாயின் வாய் தாங்கியின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. எண்ணெய் அதற்குக் கீழே இறங்கினால் பம்பு காற்றை இழுத்து, சளி பிடித்த மனிதனைப் போல இருமும். உடனே அடுத்த லோடுக்குச் சொல்வார்கள்.

நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடத்தில் பம்பு இருமவில்லை.

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் பெற்றோல் செட்டுகள் கயிறு கட்டி மூடிக் கிடந்தன. லோடு வரவேயில்லை. செய்னுலாப்தீன் போட்டுக்கு ஐந்து லீற்றர் என்று கொடுத்தார். இருமவேண்டிய நாள் வந்தது, போனது. பம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கரையெங்கும் கதை பரவியது. ஆட்கள் பம்பைத் தொட்டு முகத்தில் தடவிக்கொண்டார்கள். சிலாபத்திலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து வந்து ஒரு போத்தல் வாங்கிப்போனாள். விளக்குக்கு அல்ல, முழங்கால் வலிக்கு. வலி போய்விட்டதென்று பிறகு சொல்லியும் அனுப்பினாள்.

மைமூனாவுக்குச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அந்த வருடத்தில்தான்.

தாங்கிக்கு ஒரு காற்றுக் குழாய் இருந்தது. குசினிச் சுவரோரமாக மேலே ஏறும். வெயில் ஏற ஏற அது மூச்சு விடும். தூங்குகிற ஆளின் மூச்சு, வீட்டுக்குப் பழகிய சத்தம். இப்போது இரண்டு மூச்சுக்கு நடுவில் ஒரு மிடறு கேட்டது. நிலத்துக்குக் கீழே யாரோ அவசரமில்லாமல் எதையோ குடிக்கிறார்கள். பட்டப்பகல், பக்கத்தில் கோழி கிளறுகிறது, மீன்கறி கொதிக்கிறது. அவள் அகப்பையைப் பிடித்தபடி நிற்பாள். மிடறு நின்றுவிடும். அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதும் இன்னொன்று.

“தாங்கி என்னமோ குடிக்குது,” என்றாள் கணவரிடம்.

“ஆக்கள்தான் தாங்கியிலருந்து குடிக்கிற. தாங்கி குடிக்கிறல்ல.”

“விளக்கும் படபடண்டு துப்புது. நம்மட எண்ணெய்தானே.”

“திரி ஈரம்.”

“ஒரு கம்ப உட்டு அளந்து பாத்தா என்ன?”

“மைமூனா,” என்றார். கோபம் வந்தால் அவர் பெயரை மட்டும்தான் சொல்வார்.

இரண்டு வருடம் போயிற்று. லோடுகள் பழையபடி வந்தன, மிடறும் நிற்கவில்லை. பிறகு கடலில் போட்டுகள் நிற்கத் தொடங்கின.

எல்லாம் ஒரே இடத்தில். கடலுக்குள் பாறைத் திட்டாகக் கிடக்கிற பாரைத் தாண்டியதும், தலவில புனித அன்னம்மாள் கோயிலின் முகடு தென்னைகளுக்குப் பின்னால் மறைகிற இடம். முதலில் நின்றது கில்பட்டின் எஞ்சின். கண்டக்குழியில் அவனைப்போல் எஞ்சினைப் பராமரிக்கிறவன் இல்லை. அடுத்த கிழமை இன்னொருவனுடையது. அதற்கடுத்து மைமூனாவின் தம்பி ஜவ்பருடையது. கேனைக் கவிழ்த்துப் பார்த்தவர்கள் அடியில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் கண்டார்கள். கடலுக்குப் போகிற கேனில் உப்புத்தண்ணீர் இருப்பதில் என்ன அதிசயம்? பரகத் இறங்கிய எண்ணெயை யாரும் சந்தேகப்படவும் இல்லை; அந்த இடத்தில் ஜின் இருக்கிறது என்றார்கள்.

கேன் நிரப்ப வந்த இடத்தில் கில்பட் கதையை முழுதாகச் சொன்னான்.

“சும்மா நிக்கிதில்லக்கா. கழுத்தப் புடிச்ச மாதிரி நிக்கிது. நான் அன்னம்மாளே எண்டு ஒரு மன்றாட்டுச் சொல்லி இழுத்தன். புடிச்சிட்டு!”

“நான் ஆயத்துல் குர்ஸி ஓதினன், எனக்கும் புடிச்சிட்டு,” என்றான் ஜவ்பர்.

“அப்ப உங்கட ஜின்னுக்குத் தமிழும் தெரியும், அறபும் தெரியும்,” என்றாள் மைமூனா. “படிச்ச ஜின்.”

“சிரிங்க லாத்தா. அந்த இடத்துல வந்து நிண்டு பாத்தாத்தான் தெரியும். அவ்வளவு நேரமும் பெற்றோல்ல நல்லா ஓடும். பாரைக் கடந்து மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஒரு சுருட்டுக் குடிக்கிற நேரம். பொசுக்கெண்டு நிண்டுரும்.”

அவள் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைகள் அவளைத் தாண்டிப் போயின. அந்த எஞ்சின்களைப் பெற்றோலில்தான் கிளப்ப வேண்டும், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும் என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லோருக்கும் தெரிந்ததை யார் யோசிக்கப் போகிறார்கள்?

சோழகம் எழும்பத் தொடங்கியதும் விளையாட்டு மாறியது. அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்று. நின்றுபோன போட்டை அது பாரின் மேல் கொண்டுபோய் உடைக்கும். ஜவ்பர் கேட்கவில்லை. காற்று முற்றுவதற்குள் இரண்டொரு தடவை போய்வர வேண்டும் என்றான். வெள்ளி காலையில் இரண்டு கேன் நிரப்பினான். ஜும்ஆத் தொழுகை முடிய நேரே கடலுக்கு.

“போகாத,” என்றாள்.

“ஓதிட்டுத்தான் போறன்,” என்றான்.

பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் ஊரில் ஆண்குரல் இல்லாமல் போயிற்று. தெருவில் நிழல்கூட இல்லை. காற்றுக் குழாய் மூச்சு விட்டது. ஒரு மிடறு. மைமூனா கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். முப்பது வருடத்து உத்தரவை மீறப்போகிறவள், வேறு யாரோ ஒருத்தி செய்கிறதைப் பார்ப்பதுபோல் தன்னைப் பார்த்தாள்.

மேசன்மார் மட்டம் பார்க்கக் கொண்டுவந்து விட்டுப்போன தெளிந்த பிளாஸ்டிக் குழாய் கொட்டிலில் கிடந்தது. தாங்கியின் மூடியைத் திறந்து, குழாயை அடி தட்டும்வரை மெல்ல இறக்கினாள். மேல்வாயைப் பெருவிரலால் இறுக அடைத்துத் தூக்கி வெயிலில் பிடித்தாள்.

மேலே முழங்கை நீளத்துக்கு மண்ணெண்ணெய். அதற்குக் கீழே, கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வேறொன்று. அது சரியாக ஒரு சாண் இருந்தது.

விரலை எடுத்தாள். கடைசியில் வடிந்ததை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தாள். உப்பு. மத்தியான வெயிலில், குளிர்ந்த உப்பு. வீட்டுக்கும் கடலுக்கும் இடையே கால் மைல் மணல். அந்த மணலுக்கடியால் கடல் வந்து, துருப்பிடித்த வயிற்றுக்குள் மிடறு மிடறாகப் புகுந்து, எண்ணெயைத் தன் தோளில் தூக்கிக் கொடுத்திருக்கிறது. எண்ணெய் இல்லாத வருடத்தில் பம்பை இருமவிடாமல் காத்ததும் அதுதான். இப்போது அது வளர்ந்து குழாயின் வாயைத் தொட்டுவிட்டது. கடலுக்குப் போகிறவர்களுக்கு அவளும் கணவரும் கடலையே லீற்றர் கணக்கில் அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

நம்பாமல் திரும்பத் திரும்பக் குழாயை இறக்கிப் பார்த்தாள்; தொழுகை முடிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அப்போதுதான் ஜவ்பரின் சொல் திரும்பி வந்தது. பாரைக் கடந்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒரு சுருட்டு நேரம். இடத்தில் ஒன்றுமில்லை, மாற்றுகிற இடம் அது. ஓதியதும் புடிக்கும், ஏனென்றால் மறுபடி கிளப்புவது பெற்றோலில். ஜவ்பரிடம் இருக்கிற பெற்றோல் கரை திரும்ப ஒரு தடவைக்குத்தான் காணும். ஓதிவிட்டு இன்னும் தூரம் போனானென்றால் திரும்ப அதுவும் இருக்காது.

அவள் கரைக்கு ஓடியபோது தொழுகை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது, ஆட்கள் கரைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். ஜவ்பரின் போட் பாருக்கு அப்பால் ஒரு வெள்ளைப் புள்ளி. தொலைபேசி அடித்தது, அடித்தது, எடுத்தான்.

“லாத்தா! நல்லா ஓடுது. இப்பதான் மாத்தினன்.”

“மாத்தாத! எண்ணெயில தண்ணி. தாங்கிக்குள்ள கடல் வந்திரிக்கு. கேக்குதா?”

எஞ்சின் சத்தம் நின்றது. யாரோ கையால் எடுத்ததுபோல் நின்றது. தொலைபேசிக்குள் காற்று மட்டும். பிறகு தம்பி வேகமாக ஓதுகிற குரல்.

“ஓதுறத்த ஓது, கைய பெற்றோல்ல வை. திரும்பி வா, அங்கால போகாத.”

“லாத்தா, கீழ ஆரோ முட்டுறாங்க.”

“என்ன?”

“போட்டுக்குக் கீழ. கேளுங்க.”

கேட்டது. மூன்று தட்டு, இடைவெளி விட்டு, கதவைத் தட்டுகிற மரியாதையோடு. நின்று மறுபடி மூன்று.

“ஜவ்பர்! கயித்த இழு!”

இழுத்தான். முதல் தடவை புடிக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவதில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. பாரின் நுரை வெள்ளைப் புள்ளியை இரண்டு தரம் மறைத்தது, இரண்டு தரமும் திருப்பித் தந்தது.

போட் மணலில் ஏறும்போது கரையில் ஊரே நின்றது. செய்னுலாப்தீனும் தொப்பியோடு நின்றார். ஜவ்பர் இறங்கி மணலில் அப்படியே குந்திவிட்டான்.

“அளந்தியா?” என்றார் செய்னுலாப்தீன், மனைவியிடம் மட்டும் கேட்கும்படி.

“ஓம்.”

“அதான் தண்ணியாப் போச்சு.”

“அவன் காலையில ஊத்தின எண்ணெய நான் ஜும்ஆவுக்கு அளந்து தண்ணியாக்கினனா?”

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எங்கட எண்ணெயில உப்புத்தண்ணி கலந்திரிக்கு. இண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகாதீங்க.”

“அக்கா, செய்னுலாப்தீன் நானாட எண்ணெயிலயா? சும்மா இருங்க,” என்று கில்பட் சிரித்தான். ஆனாலும் தன் கேனை எடுத்து வந்தான். கரையில் கிடந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் அடியிலிருந்து ஊற்றினான். மணலில் குத்தி நிறுத்தி எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கலங்கியிருந்தது தெளிந்தது. நடுவில் கோடு விழுந்தது.

சிரிப்பு நின்றது. இன்னொருவன் தன் கேனைக் கொண்டுவந்தான். பிறகு எல்லோரும். கொஞ்ச நேரத்தில் இருபது போத்தல்கள் மணலில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் உயரத்தில் ஒரு கோடு. காற்று வாயில் படும்போது அவை ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் ஊதின.

செய்னுலாப்தீன் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கில்பட்டின் கேனைத் தூக்கி, கரைக்கு வந்திருந்த சியாமின் லொறியில் நின்ற வெறும் பீப்பாய்க்குள் கவிழ்த்தார். “என்ட எண்ணெய்தான்,” என்றார், யாரையும் பாராமல். “எல்லாத்தையும் கொண்டு வாங்க.”

ஜவ்பரின் போட்டை நாலு பேர் சேர்ந்து புரட்டினார்கள். அடி வழுவழுவென்றிருந்தது. ஒரு கீறலும் இல்லை. அவன் அதைக் கையால் தடவினான், தலையிலிருந்து வால் வரைக்கும், பிறகு திரும்பவும்.

“எண்ணெய்க் கதை சரி, லாத்தா,” என்றான். “அப்ப முட்டினது?”

மைமூனா கடலைப் பார்த்தாள். கில்பட் சிலுவை போட்டுக்கொண்டான். செய்னுலாப்தீன் அடுத்த கேனைத் தூக்கினார்.