அப்பாவின் கொட்டகையும் டீச்சரின் மாடிக் கட்டடமும்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அப்பாவின் கொட்டகையில் வேலை பழகி இன்று பல ஊர்களில் நல்லபடியாக இருக்கும் தம்பிமார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அப்பாவின் பொறுமை, உழைப்பு, எளிமை பற்றியெல்லாம் மற்றவர்கள் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் அப்பாவின் பொறாமையைப் பற்றி எழுத நினைத்தேன். தம்பிக்கு இதில் சம்மதமில்லை. "மலர்ல போய் இதையா எழுதுவாக?" என்றான். அம்மாதான், "எழுதட்டும்லே. அது இல்லாம அவிய ஏது?" என்றார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஆடு வளர்ப்பதுதான் குடும்பத் தொழில். கூடவே கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் கம்பும் உளுந்தும் வீட்டுக்கு வரும். பெய்யாத வருடம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெளியூர் வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடப் போய்விடுவார்கள். அப்படிப் போகும்போதெல்லாம் அப்பாவின் பள்ளிக்கூடமும் நின்றுபோகும். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் மீசை வந்துவிட்டது என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார்கள்.

பிறகு கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியனுக்குக் கையாளாகச் சேர்ந்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டப் பழகி, அங்கேயே எலக்ட்ரீசியன் ஆனார்கள். திருமணம், நாங்கள் இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. அப்பா வீடு வீடாகப் போய் மோட்டார் பழுது பார்த்தார்கள். போகும் தெருவிலெல்லாம் படிப்பை விட்டுவிட்டுத் எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலைக்குப் போகும் பயல்களையும், அதற்கும் போகாமல் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பயல்களையும் பார்த்தார்கள். ஆலையில் கூட வேலை பார்த்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். எட்டயபுரம் சாலையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. காயில் கட்டுவது, வெல்டிங், வீட்டு வயரிங். பழகி முடித்தவனுக்குக் கோவையிலோ ஓசூரிலோ வேலை தேடிக் கொடுக்கிற வரை அப்பா விட மாட்டார்கள். சேர்த்துவிட்ட பிறகும் மாதத்துக்கு ஒருமுறை காரச்சேவுப் பொட்டலத்தோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

சில வருடங்கள் இப்படி நன்றாகத்தான் போனது. அப்புறம் டீச்சர் வந்தார்கள்.

டீச்சர் கழுகுமலைப் பக்கம் நிலபுலமுள்ள குடும்பத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பெண்பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம் அப்பாவின் கொட்டகைக்கு நேர் எதிரே இருந்த மாடிக் கட்டடம். கீழே தையல் மிஷின்கள், மேலே கம்ப்யூட்டர், வாசலில் பெரிய போர்டு.

அப்பாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

"அங்கன எல்லாத்துக்கும் ஃபேன் ஓடுதாம்ல. ஃபேன் காத்துல உக்காந்து படிச்சவன் கம்பெனி சூட்டுல நிப்பானா?" என்பார்கள். போர்டைப் பார்த்து, "எழுத்து கோணலா இருக்கு" என்பார்கள். கோணலாக இல்லை, நான் பார்த்தேன். கொட்டகையில் பழகிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் கம்ப்யூட்டருக்காக எதிரே மாறிப் போனபோது, அப்பா இரண்டு நாள் சாலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்தார்கள்.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கல்லூரிக்கு வழியில்லை. எனக்கும் கம்ப்யூட்டர் படிக்க ஆசை. அப்பாவின் கொட்டகையில் பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதும் இல்லை. அம்மா மூலமாகக் கேட்டேன். "எம்பிள்ளை அங்கன போச்சுன்னா நான் கொட்டகையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். டீச்சரின் கட்டடத்துக்குள் போகும் பெண்களைத் தெருவில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அப்பாவுக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்து எரிந்தது, எனக்கு அதற்குள் போகிறவர்களைப் பார்த்து எரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் எரிந்துகொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில் கோவையிலிருந்து ஒரு பம்ப் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தார்கள். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துத் தேர்வு. அப்பாவின் பையன்களும் போனார்கள், டீச்சரின் பிள்ளைகளும் போனார்கள். காயில் கட்டிக் காட்டச் சொன்னபோது நம் பையன்களை அடிக்க ஆளில்லை. அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சமாம். கூடப் போன என் தம்பி சொன்னான்.

அடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். டீச்சரின் பிள்ளைகள் பெயர், ஊர், வீட்டு நிலைமை, என்ன தெரியும், என்ன பழக ஆசை என்று நிமிர்ந்து நின்று சொன்னார்கள். நம் கொட்டகையிலேயே கெட்டிக்காரப் பையனிடம், "உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்று கேட்டார் அதிகாரி. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றான்.

அவனை எடுக்கவில்லை. நம்மில் ஓரிருவர்தான் தேறினார்கள். டீச்சரின் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரை எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்கள். "பேச்சுக்கா வேலை? வாயைப் பாத்து ஆள் எடுக்கான். அந்தம்மா வாய்ப்பாடம்தான் நடத்துது அங்கன" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அம்மா எவ்வளவு நேரம்தான் கேட்பார்கள்?

"பொறாமைன்னா பொறாமைன்னு சொல்லிட்டுச் சாப்பிடுங்களேன். சோறு என்ன பாவம் பண்ணிச்சு?"

அப்பா கோபப்படுவார்கள் என்று நானும் தம்பியும் பயந்தோம். அப்பா அம்மாவைப் பார்த்தார்கள். பிறகு, "ஆமாட்டி. பொறாமைதான்" என்று தட்டை இழுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "கிளம்பு" என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். கொட்டகை வாசலில் நிறுத்துவார்கள் என்று பார்த்தால், சைக்கிள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றது. டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அப்பா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"டீச்சர், உங்க பிள்ளைக மட்டும் எப்படி அப்படிப் பேசுது? என் பயலுக ஊமையா நிக்கானுவ. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

டீச்சர் சிரிக்கவில்லை. "நல்லாக் கேட்டீங்க அண்ணாச்சி. உங்க கொட்டகையைப் பாத்து எனக்கு எவ்வளவு நாளா எரியுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க அனுப்புத பயலுக போன இடத்துல நிலைச்சு நிக்கானுவ. என் பிள்ளைக மூணு மாசத்துல அழுதுக்கிட்டுத் திரும்பி வந்துருது. அது எப்படின்னு எனக்கு விளங்கவே இல்ல."

"நீங்க போய்ப் பாக்கீங்களா?"

"எங்கன?"

"அதுக இருக்க இடத்துக்கு."

"அங்கெல்லாம் நான் போனதே இல்ல அண்ணாச்சி" என்றார்கள் டீச்சர். அப்பா என்னைக் காட்டி, "இது எம்பிள்ளை. கம்ப்யூட்டர் படிக்கணுங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அன்றுமுதல் நான் எதிர்க் கட்டடத்தில் படித்தேன். சனிக்கிழமைகளில் அப்பாவின் பையன்கள் டீச்சரிடம் பேசப் பழகப் போனார்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்ற அந்தப் பையன் முதல் நாள் தன் வீட்டு ஆடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்து, நிறுத்தச் சொல்லும்வரை பேசினான். அடுத்த முறை கோவைக்காரர்கள் வந்தபோது அவனை எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா காரச்சேவுப் பொட்டலங்களைக் கூட்டிக்கொண்டு, டீச்சர் அனுப்பிய பிள்ளைகளையும் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்பிள்ளைகளைப் பார்க்கப் போவதால் அம்மாவும் கூடப் போனார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுத செல்வி என்ற பெண்ணைப் பார்க்கக் காவலாளி விடவில்லை. "நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன உறவு?" என்று கேட்டிருக்கிறார். எதிர்க் கட்டடச் சங்கத்தின் பேரைக்கூட வாயால் சொல்லாத அப்பா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாங்க டீச்சர் சங்கத்துல இருந்து வாரோம்" என்றார்களாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அன்று விடுதிக்காரர்களோடு மல்லுக்கட்டி, செல்விக்கும் கூட இருந்த பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். செல்வி வேலையை விடவில்லை. இன்று அதே ஊரில் ஒரு தையல் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறாள்.

இதோடு பொறாமை தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது அப்பாவுக்குச் செய்கிற துரோகம். குடியரசு தினத்தில் டீச்சருக்குக் கலெக்டர் கையால் பாராட்டுக் கிடைத்தபோது, விழா எப்படி என்று அம்மா கேட்டார்கள். "சீலை நல்லா இருந்துச்சு" என்றார்கள் அப்பா. அந்த மாதமே கொட்டகையில் பெண்பிள்ளைகளுக்குக் காயில் கட்டும் வகுப்பு தொடங்கியது. குச்சி அடுக்கிப் பழகிய அந்த விரல்களுக்குக் கம்பி அப்படிப் படிந்தது. இதைப் பார்த்துவிட்டு டீச்சர் தன் கட்டடத்தில் வயரிங் வகுப்பு வைத்தார்கள். இப்படியே ஒருவரை ஒருவர் பார்த்து எரிந்து எரிந்து, சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய வைத்தார்கள்.

நான் படித்து முடித்து அங்கேயே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தினமும் மாலையில், "இன்னைக்கு அங்கன யாரு வந்தா?" என்று கேட்காமல் இருந்ததும் இல்லை.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் கெட்டு, திருநெல்வேலி மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்தார்கள். ஒருநாள் படுக்கையில் இருந்தபடி, "இந்த வருசம் டீச்சர் எத்தனை பேரை அனுப்பிருக்காவ?" என்று கேட்டார்கள். நம்மைவிட அதிகம்தான் என்று உண்மையைச் சொன்னேன். "இங்கன படுத்துக் கிடந்தா அப்படித்தான் ஆகும்" என்று சொல்லிக் கட்டிலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் படுத்தார்கள். அதன்பின் அதிக நாள் இல்லை. ஒரு காலை நேரத்தில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது, அமைதியாகப் போய்விட்டார்கள்.

அப்பாவோடு கடைசிவரை கொட்டகையைத் தாங்கிய ஆலை நண்பர்கள் இருவருக்கும், முறை போட்டுக்கொண்டு மருத்துவமனையில் துணை இருந்த தம்பிமார்களுக்கும், சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஊரிலிருந்து வேன் பிடித்து வந்து எல்லாக் காரியங்களையும் தங்கள் வீட்டுக் காரியமாகச் செய்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பா போன அன்று நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன். கோவை, ஓசூர், திருப்பூர் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தெரு நிறைந்து நின்றார்கள். டீச்சர் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அப்பாவின் தலைமாட்டில் வந்து நின்றார்கள். பிறகு, "இத்தனை பேரு வேலையைப் போட்டுட்டு வந்து நிக்காங்க. எனக்கு இப்படி வருவாங்களா? பொறாமையா இருக்கு அண்ணாச்சி" என்றார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார்கள்.

"இன்னொருக்கச் சொல்லுங்க டீச்சர். சத்தமாச் சொல்லுங்க. அவிய காதுல விழட்டும்."

டீச்சர் குனிந்து, சத்தமாகவே சொன்னார்கள்.

அன்புடன்,
மகள்