சாச்சியின் அறைக்கு நான் போட்ட கூரை

புத்தளத்தில் வீடு கட்ட நினைத்தவர்கள் முதலில் எங்கள் கந்தோருக்குத்தான் வருவார்கள். வந்ததும் அரையிருட்டில் கதிரையில் முழங்காலை இடித்துக்கொள்வார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடு ஒரு வீடா என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து பிளான் கீறிக் கொடுத்த அந்தக் கந்தோரில், நடுப்பகலிலும் லைட் எரியும்.

அந்தக் கூத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கந்தோரைத் தொடங்கியவர் உம்மாவின் வாப்பா. கடல்நீர்க் களப்புக்கரைக் காணியில் ஓர் அறையைக் கட்டி, பின்முற்றத்தைப் பார்த்து இரண்டு யன்னல் வைத்தார். வேலை பெருகியதும் பங்காளி தேவைப்பட்டது. வருகிறவரின் திறமையை எப்படி அறிவது? அதற்கு அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். பங்காளியாக வருகிறவர் கந்தோரில் சொந்தமாக ஓர் அறை சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இருப்பவரின் யன்னலை மூடக்கூடாது.

முதலில் வந்தவர் முன்னேஸ்வரத்துக்காரர். நாங்கள் மாமா என்போம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் மனையடி பார்த்து அறை கட்டினார். சாத்திரத்துக்குச் சரியாக அமைந்த அவருடைய கதவால் சற்றுத் தடித்தவர்கள் பக்கவாட்டில்தான் நுழையலாம். அடுத்த பங்காளி என் வாப்பா. யுத்த காலத்தில் முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்தவர். பல வருடங்கள் அகதி முகாமில், மழை ஒழுகும் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்தவர். கந்தோரில் பிளான் கீறும் வேலைக்குச் சேர்ந்து, மருமகனாகி, பிறகு பங்காளியும் ஆனார். முற்றத்தின் மூன்றாம் பக்கத்தில், யன்னல் கட்டில் நான் சம்மணமிட்டு உட்காரக்கூடிய அளவு தடித்த சுவர்களோடு அறை கட்டினார். அதோடு நிற்கவில்லை. வருகிறவர்கள் மழையில் நனைகிறார்களே என்று முற்றம் முழுவதற்கும் தகரச் சீற்றால் கூரை போட்டுவிட்டார். யாருடைய யன்னலையும் அவர் மூடவில்லை. வெளிச்சத்தை மட்டும்தான் மூடினார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்த புதிதில், ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் வீட்டுப் பிளானுக்காக வந்து நிறைந்தார்கள். எத்தனை அறை வேண்டும் என்று மாமா கேட்பார். வாப்பா கேட்பதோ கூரையைப் பற்றித்தான்.

அப்போது எனக்கு ஏழு வயது. உம்மாவின் வாப்பா மவுத்தாகியிருந்தார். அவருடைய கதிரையில், கொழும்பில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்த, உம்மாவின் தங்கச்சியான என் சாச்சி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தாரே தவிர பெயர்ப்பலகையில் அவர் பெயர் இல்லை. பங்காளியாக வேண்டுமென்றால் அறை கட்ட வேண்டும். காணியிலோ ஒரு கோழிக்கூட்டுக்கும் இடமில்லை. முன்னால் ரோட்டு, பின்னால் களப்பு, மிச்சமிருந்த நாலாம் பக்கத்தில் அடுத்த கடையின் சுவர். கொழும்பில் ஒரு பெரிய கந்தோர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இங்கே சரிவராவிட்டால் பெருநாள் முடிந்ததும் போய்விடுவேன் என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சாச்சி இல்லாத வீட்டில் யார் எனக்குத் தலை பின்னுவது, யார் என்னோடு சண்டை பிடிப்பது?

ஒரு கிழமையாக மட்டையை வெட்டி ஒட்டி, கந்தோரையே கையகலத்தில் செய்துகொண்டிருந்தார் சாச்சி. மூன்று அறைகளும் யன்னல்களும் அச்சு அசல். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாமாவுக்கும் வாப்பாவுக்கும் காட்டுவதாக ஏற்பாடு. காலையில் சாச்சி குளிக்கப் போன நேரம் நான் மேசையில் ஏறிப் பார்த்தேன். நடுவில் கூரையே இல்லை! பாவம், மட்டை தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். பிஸ்கட் பெட்டியின் மூடியை அளவாக வெட்டி, பசை தடவி, ஓட்டையை அழகாக மூடிவிட்டேன். எஞ்சிய நேரமெல்லாம் என் பெருமையை அடக்கிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

மேலே போட்டிருந்த துணியைச் சாச்சி எடுத்ததும் அவர் முகம் வெளுத்தது. வாப்பா குனிந்து ஒரு யன்னலுக்குள் கண்ணை வைத்தார்.

“இதுல புதுசா என்ன தங்கச்சி? இப்ப இருக்கிற மாதிரியே இருட்டாத்தானே இருக்கு?”

சாச்சி கையை நீட்டுவதற்குள் மாமா கூரையை விரலால் தட்டிப் பார்த்தார். காயாத பசை. பிஸ்கட் மூடி அவர் விரலோடு வந்துவிட்டது. உடனே மட்டை யன்னல்கள் எல்லாவற்றுக்குள்ளும் வெளிச்சம் விழுந்தது. மாமா மூடியைத் திரும்ப வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“கெட்டிக்காரி! மூடிக் காட்டி, திறந்தும் காட்டுறா. ஐசே, என்ர யன்னலுக்கு வெளிச்சம் வருது, பாருங்கோ!”

“வெளிச்சம் சரி. தங்கச்சிட அறை எங்க?” என்றார் வாப்பா.

“இதுதான் மச்சான் என்ட அறை,” என்று முற்றத்தைத் தொட்டுக் காட்டினார் சாச்சி. “நான் யார்ர யன்னலையும் மூடல்ல. ஆனா நீங்க போட்ட கூரையக் கழட்டணும்.”

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு வாப்பாவைப் பார்த்தார். வாப்பா அந்த பிஸ்கட் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. என் கூரை அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று எண்ணினேன்.

“ஓம்,” என்றார் கடைசியில். “கழட்டுவம்.”

அன்று வீட்டில் வட்டலப்பம். சாச்சியைப் பங்காளியாக்கியது என் கூரைதான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். சாச்சியும் மறுக்கவில்லை; என்னைத் தூக்கிச் சுற்றி முத்தமிட்டார்.

பெருநாள் கழிந்து கூரை வேலை பாஸ்மார் வந்து சீற்றுகளைக் கழற்றினார்கள். கடைசிச் சீற் இறங்கியதும் களப்புக் காற்று உள்ளே புகுந்து மேசைத் தாள்களையெல்லாம் கிளப்பியது. மாமா தாள்களைத் துரத்திக்கொண்டு ஓடினார், சாச்சி கைதட்டிச் சிரித்தார். வாப்பா மட்டும் முற்றத்தின் நடுவில் அண்ணாந்தபடி நின்றார். முகம் சிரித்துக்கொண்டிருந்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நான் செய்த கூரையைப் போல ஒன்றைப் போடாமல் விட்டார்களே என்று வாப்பாவுக்கும் கவலை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாதீங்க வாப்பா. பிஸ்கட் பெட்டி இன்னும் இருக்கு. நான் வேற கூரை செஞ்சு தாறன்.”