கை வைக்காமல் ஒரு மீன்

பெரிய மீன் பிடிக்கக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று விளம்பரம் கொடுத்தவனிடம், மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி ஆட்கள் புகார் சொல்வார்கள். விடுதி நடத்துகிறவர்களுக்கும், சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்களுக்கும், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர்களுக்கும் இது சொல்லாமலே புரியும். நாமெல்லாம் ஒரே சாதி. இயற்கை செய்கிற தவறுக்கு மன்னிப்புக் கேட்டுப் பிழைக்கிறோம்.

நான் அறந்தாங்கியில் ஒரு டுடோரியலில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் ஆன்லைனுக்குப் போனார்கள். நான் கடற்கரைக்குப் போனேன். கோட்டைப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே, தென்னந்தோப்பு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் வார இறுதியில் கூடாரம் அடிக்கிறேன். நாட்டுப்படகு உள்ளூர் மீனவர் காசிம் பாயுடையது. தூண்டில்கம்பும் ரீலும் என்னுடையவை. புத்தக அறிவும் என்னுடையதுதான். அதை யாரும் கேட்பதில்லை, நானாகவே கொடுத்துவிடுவேன்.

அலை வரவில்லை

எங்கள் பாக் நீரிணை பெயருக்குத்தான் கடல், நடத்தையில் ஏரி. மீனவர்கள் இதைப் பெண்கடல் என்பார்கள். ராமேஸ்வரத்துக்கு அப்பால் இருப்பது ஆண்கடல். பெண்கடல் என்றால் அடக்கமானது என்று விளக்கம் சொன்னவர் கட்டாயம் ஆணாகத்தான் இருந்திருப்பார். வாடைக்காற்றில் இதன் கோபத்தைப் பார்த்திருந்தால் பெயரை மாற்றியிருப்பார்.

முதல் வருடம் பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். விடிந்ததும் நாற்காலியைத் தண்ணீர் ஓரமாகப் போட்டுக்கொண்டு, போனைக் கையில் தயாராக வைத்துக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். காலைச் சாப்பாட்டு நேரம் போயிற்று. தண்ணீர் ஒரு முழம் உள்வாங்கிச் சேறு தெரிந்தது, அவ்வளவுதான். இந்தக் கடலின் ஆழமின்மையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: “அதெல்லாம் சரி சார், அலையை எத்தனை மணிக்கு ஆன் பண்ணுவீங்க?”

டாக்டரின் மீன்

திருச்சியிலிருந்து ஓர் எலும்பு டாக்டர் அடிக்கடி வருவார். கம்பை மனைவியிடம்கூடக் கொடுக்காதவர். ஒருநாள் அவருடைய தூண்டிலில் நல்ல கனமான பாரை மீன் மாட்டிக்கொண்டது. ரீல் கிறீச்சிட்டது. டாக்டர் கால்களை அகட்டி நின்று, வாழ்நாளெல்லாம் இதற்காகவே காத்திருந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். அடுத்த நொடி, படகின் பின்பக்கம் இருந்த காசிம் பாய் பாய்ந்து வந்தார். தூண்டில் நரம்பைக் கையில் வளைத்துப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றிச் சரசரவென்று இழுத்து, மீனைப் படகுக்குள் போட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் அழாத குறை.

நான் நடுவில் புகுந்து விதியைச் சொன்னேன். விளையாட்டு மீன்பிடிப்பில் ஒரே ஆள்தான் கடைசிவரை போராட வேண்டும். இன்னொருவர் கம்பையோ நரம்பையோ பிடித்து இழுத்துவிட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. பாய்க்கு இது தலையிலேயே ஏறவில்லை. அவர்கள் படகில் கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் பங்கு உண்டு. கை வைக்காமல் நின்றவனுக்குத்தான் கரையில் பேச்சு விழும். என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒருத்தன் தனியா மல்லுக்கட்டுறான், மத்தவன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். இதுக்குப் பேரு வெளையாட்டா சார்? எங்கிட்டு இருந்து சார் புடிச்சீங்க இந்த ஆளுகள?”

மாப்பிள்ளைக்கு ஒரு நிபந்தனை

விதியைச் சொல்லிக்கொடுத்தால் அதை நமக்கு எதிராகவே திருப்புவார்கள் என்பது ஆசிரியர் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் பாயின் மாப்பிள்ளை ஜாகிர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் கம்பும் ரீலுமாகக் கடல் பாலத்தில் நின்று பழகியவர். எங்கள் முகாமை ஒருநாள் சுற்றிப் பார்த்தார். மறுநாளிலிருந்து டாக்டர்களுக்குத் தூண்டில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் என்னிடம் வந்து, “சார், நான் திரும்பிப் போகல. ஒங்களோட இங்கயே இருந்துறேன்” என்றார். எனக்குச் சந்தோஷம். அவர் மனைவி பர்வீனுக்கு அதைவிடச் சந்தோஷம்.

பாய்க்குத்தான் இல்லை. கடலை நம்பிய வீட்டில் பெண்கள் கரையில் வழி பார்த்துக்கொண்டு நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். மகளுக்கு அந்த நிலை வேண்டாம் என்றுதான் கடலைத் தாண்டி வேலை பார்க்கிற மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தார். அந்த மாப்பிள்ளை விமானத்தைவிட்டு இறங்கிப் படகில் ஏறினால்? நேராக மறுக்கவும் மனம் வரவில்லை. அதனால் என் விதியை எடுத்துக்கொண்டார். கூடாரத்துக்கு முன்னால் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: “லீவு முடியிறதுக்குள்ள ஒத்த ஆளா, ஒருத்தரும் கை வைக்காம, என் கண்ணு முன்னால பெரிய மீனா ஒண்ணு ஏத்திக் காட்டுங்க மாப்ள. ஏத்திட்டா இங்கிட்டே இருங்க. இல்லாட்டி டிக்கெட்டு இருக்கு. சார்தான் அம்பயரு!”

ஆச்சியின் சாட்சி

திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. கூடாரத்தில் தங்க வந்தவர்கள் ஆறு அடுக்குத் தூக்குச்சட்டியும் ஒரு மர முக்காலியும் கொண்டுவந்திருந்தார்கள். முக்காலி ஆச்சிக்கு. எழுபதைத் தாண்டிய ஆச்சி, “நானும் வாரேன்” என்று முக்காலியோடு படகிலும் ஏறிவிட்டார். அன்று காசிம் பாய் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்ததால் அவர் தம்பி படகை எடுத்தார். அன்றைக்கென்று பார்த்து, ஜாகிரின் தூண்டிலில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சீலா மாட்டியது. சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்களே, அதேதான், கன்னியாகுமரியில் நெய்மீன். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஜாகிர் தனியாகப் போராடி, ஒருவரும் தொடாமல், மீனைப் படகில் ஏற்றிவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். ஒரு போட்டோ எடுத்தோம். ஜாகிர் மீனை இரண்டு கையிலும் ஏந்தி, வாயிலிருந்து கொக்கியைக் கழற்றி, பக்குவமாகத் தண்ணீரில் இறக்கி, வாலைத் தட்டி அனுப்பிவிட்டார்.

நிபந்தனை நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். வளைகுடாவில் பிடித்ததை விட்டுவிட்டே பழகிய கை. “தானா விட்டுருச்சு சார்” என்று தன் கையையே வேறு ஒருவருடையதுபோல் பார்த்தார். கரையில் பாயிடம் ஆச்சி சாட்சி சொன்னார். எவ்வளவு பெரிய மீன் என்று முக்காலியைப் படுக்கவைத்து அளந்தும் காட்டினார். பாய் போட்டோவை வாங்கிப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். “கண்ணு முன்னாலன்னுல சொன்னேன். போட்டோவ வச்சுக் கொழம்பா காச்சுறது?” என்றார். போகும்போது ஆச்சி ஜாகிரின் தலையைத் தடவிச் சொன்னதுதான் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது: “நல்ல பிள்ளைதான். ஆனா விடுறதுக்குன்னு ஏம்ப்பா பிடிச்சீக?”

சனிக்கிழமை மீன்கள்

எங்கள் பக்கம் விசைப்படகுக்கு ஒருநாள், நாட்டுப்படகுக்கு ஒருநாள் என்று கடலை முறை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இழுவை வலையில் சின்னப் படகுக்காரர்களின் வலை காணாமல் போகும். சனிக்கிழமை விசைப்படகுகளின் முறை. ஊர் உலகத்துக்கெல்லாம் லீவு சனி, ஞாயிறு. என் தொழிலின் கஷ்டத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சனிக்கிழமை வருகிறவர்களைக் கரையிலேயே முழங்கால் தண்ணீரில் நிறுத்திக் கிழங்கான் என்கிற சின்ன மீனைப் பிடிக்க வைப்பேன். ஜாகிரும் நிற்பார். லீவு கரைந்துகொண்டிருந்தது. அவர் பிடித்ததெல்லாம் உள்ளங்கை நீளம்.

அப்படி ஒரு சனிக்கிழமை பர்வீன் எங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுப் பாய், “துபாய்க்காரருக்குத் துபாய்தான் சரி” என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். பர்வீன் சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. “கடலுக்குப் போனவங்களப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதானே அத்தா குடுத்தீங்க? நீங்க கடலுக்குப் போனா அம்மா சாயங்காலம் வரைக்கும் நின்னாங்க. நான் ரெண்டு வருஷம் வரைக்கும்ல நிக்கிறேன்.”

கை

டிக்கெட் திங்கட்கிழமைக்கு. சனி விசைப்படகுகளின் முறை, ஞாயிறு ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும்; கடைசி வாய்ப்பு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடியாமல் அங்கே யாரும் படகைத் தொட மாட்டார்கள், முடிந்ததும் கிளம்பினோம். பாய், ஜாகிர், நான், திருச்சி டாக்டர். காற்று இல்லை. கடல் கண்ணாடிபோல் கிடந்தது. தூரத்துத் தென்னைகள் கோடாகத் தெரிகிற இடத்தில் பாய் நங்கூரம் போட்டார். “இங்கிட்டு ஒண்ணும் இருக்காது” என்று சொல்லிக்கொண்டேதான் போட்டார். ஜாகிர் உயிரோடு ஒரு முரல் மீனைக் கொக்கியில் மாட்டி விட்டார். பாய் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “சும்மாதான் சார்” என்றார்.

கொஞ்ச நேரத்தில் முரலை எதுவோ வாங்கிக்கொண்டு போயிற்று. கம்பு வில்லாக வளைந்தது. பழுப்பாக, தட்டைத் தலையோடு ஓர் உருவம் மேலே வந்து புரள, டாக்டர் “சுறா, சுறா!” என்று கத்தினார். அது கடல்விரால் என்றும், சுறாவுக்கும் அதற்கும் உறவே கிடையாது என்றும் நான் திருத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஜாகிர் இழுக்க, அது ஓட, மறுபடி இழுக்க, மறுபடி ஓட, அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பாய் உட்கார்ந்த இடத்திலேயே அவரோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். “விட்டுப் புடிங்க மாப்ள... இப்ப விடாதீங்க... ஐயோ, அங்கிட்டு விடாதீங்க, இன்ஜின் இருக்கு!” மாப்பிள்ளை மகளோடு ஊரிலேயே இருக்க வேண்டுமானால் அந்த மீன் ஏற வேண்டும். அவளைக் கரையில் நிற்காதபடி செய்ய வேண்டுமானால் அது போய்விட வேண்டும். எது நடக்க அல்லாவிடம் துஆ கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடல்விரால் படகுக்கு அடியில் புகுந்து இன்ஜின் பக்கம் திரும்பியது. நரம்பு இன்ஜினில் உரசினால் அறுந்துவிடும். ஜாகிரின் கால் ஈரப் பலகையில் வழுக்கியது. மண்டியிட்டு விழுந்தார், கம்பு கையைவிட்டுப் போகப் பார்த்தது. அப்போது தொடைக்கு அடியிலிருந்து அந்தக் கைகள் வந்தன. பாய் எப்போது எழுந்தார் என்று நான் பார்க்கவில்லை. தலைத்துண்டைக் கையில் சுற்றி நரம்பைப் பிடித்து மீனை இந்தப் பக்கம் வளைத்துவிட்டார். “மாமா, கைய எடுங்க! கைய எடுங்க மாமா!” என்று ஜாகிர் கதறினார். பாய் காதில் எதுவும் விழவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து, கொக்கிக்கம்பு போட்டு, மாப்பிள்ளையின் நெஞ்சு உயர மீனைப் படகுக்குள் உருட்டினார்கள்.

மீன் பலகையில் அடித்துக்கொண்டிருந்தது. ஜாகிர் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். டாக்டர், தன் பழைய பாரை மீனை நினைத்தோ என்னவோ, மெதுவாக, “விதிப்படி இது செல்லாதே” என்றார். அம்பயர் நான். புத்தகத்தில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொல்லாமல் இருந்தேன்.

பாய் கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். நரம்பு அதையும் மீறி உள்ளங்கையில் கோடு போட்டிருந்தது. பிறகு நங்கூரக் கயிற்றை எடுத்து மாப்பிள்ளையின் மடியில் போட்டார். “சார் விதிப்படி செல்லாதுதான். எங்க விதிப்படி நான் கை வச்சுட்டேன், பங்காளி ஆயிட்டேன். பங்காளியத் துபாய்க்கு அனுப்பிட்டு நான் யாரோட மாப்ள பங்கு வைக்கிறது? இழுங்க நங்கூரத்த, பர்வீன் கரையில நிக்கும்.”

பெரிய மீன் பிடிக்க என்னென்ன வேண்டும் என்று இப்போதும் வாடிக்கையாளர்கள் கேட்கும்போது கம்பு, ரீல், நரம்பு என்று ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்காரத் தெரியாத ஒரு மாமனாரும் வேண்டும் என்பதை மட்டும், கடையில் கிடைக்காது என்பதால், சொல்வதில்லை.