போர்டுக்குப் போன பழைய செருப்பு

என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். பணியில் இருந்தபோது அரசு மருத்துவமனையில் செய்த குடலிறக்க ஆபரேஷனில் நரம்பு பாதிக்கப்பட்டு, இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். டிஸபிலிட்டி பென்ஷனுக்கு மூன்று வருடம் மனுப் போட்ட பிறகு, மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

கோவில்பட்டியில் ரயிலேறிச் சென்னை போனோம். இவர் புது ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டார். சீருடையில் இருந்த டாக்டரைக் கண்டதும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். “கால் எப்படி இருக்கு?” என்று டாக்டர் தமிழிலேயே கேட்டார்.

“நல்லா இருக்கு சார்.”

நடக்கச் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு அணிவகுப்பில் போவதுபோல நடந்தார். டாக்டர் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

வாசலில் நின்ற நான் கையிலிருந்த ஒயர்கூடையைத் திறந்தேன். ஷூ கடிக்குமே என்று அவருடைய பழைய செருப்பை அதில் கொண்டுபோயிருந்தேன். உள்ளே போய்ச் செருப்பை மேஜை முன்னால் வைத்தேன்.

“ஐயா, இவிய ஆபீசரைக் கண்டா இப்படித்தான் சொல்லுவாவ. இந்தச் செருப்பைப் பாருங்க.”

கரிசல் மண் ஒட்டிய அந்த ஜோடியில் இடது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. டாக்டர் குனிந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ஷூவைக் கழட்டிட்டு இதைப் போட்டு நடங்க” என்றார்.

ஆறு மாதத்தில் பென்ஷன் வந்தது.

எங்கள் இடைசெவல் பக்கமிருந்து போர்டுக்குப் போகிறவர்கள் விவரம் கேட்டு வந்தால், “அண்ணாச்சி, பழைய செருப்பைப் போட்டுட்டுப் போங்க” என்பேன். இவரிடம் யாராவது கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், இப்போதெல்லாம் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறேன்.