மாமாவின் படம் வைத்த பக்கம்

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என்னைப் பாகூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். இரண்டே வாரத்தில் இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். அதாவது, கற்றுக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அந்தக் கூத்துதான்.

அந்த மாதம்தான் மாமா காணாமல் போனார். அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தவர். வயது முப்பது, புத்தி ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். கிருமாம்பாக்கத்தில் அவர் கடலூர் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இறங்கியதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அப்பா போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்களில் ஒட்டுவதற்கு நோட்டீஸ் அடிக்கக் கிளம்பினார். நான் குறுக்கே விழுந்தேன். நோட்டீஸ் கடலூரோடு நின்றுவிடும், என் பக்கம் உலகமெல்லாம் போகும் என்றேன். என் காதுகுத்துப் படத்தை ஸ்கேன் செய்து, மாமாவை மட்டும் வெட்டியெடுத்து, படத்தைக் காட்டச் சொல்லும் img என்று தொடங்கும் வரியில் அந்தக் கோப்பின் பெயரை எழுதினேன். திரையில் மாமா சிரித்தார். கீழே எங்கள் வீட்டு போன் நம்பர்.

அப்பாவோடு சென்டருக்கு வந்திருந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள். "எல்லா ஊர்லயும் இவன் மூஞ்சி தெரியுமாடி?"

"தெரியும்மா."

"அப்போ நோட்டீஸ் வாணாம்" என்று சொல்லிவிட்டார் அப்பா. படிக்கிற பிள்ளையின் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

பக்கத்தை ஓர் இலவசத் தளத்தில் ஏற்றினேன். சனிக்கிழமைதோறும் சென்டருக்குப் போய், அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். மாமா அப்படியே சிரித்துக்கொண்டிருப்பார். வீட்டில் போன் அடித்தால் அம்மா ஈரக் கையோடு ஓடிவருவாள்.

தீபாவளியன்று என் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து பேசிய பெரியப்பா மகன், "படத்தக் காணோமே, ஒரு கட்டம், அதுக்குள்ள ஒரு பெருக்கல் குறி, அவ்ளோதான் இருக்கு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த img வரி படத்தைத் தூக்கிக்கொண்டு போகாது. படம் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். நான் பக்கத்தை ஏற்றியிருந்தேன், படத்தை ஏற்றவேயில்லை; அது சென்டர் கம்ப்யூட்டரிலேயே கிடந்ததால் அங்கே மட்டும் தெரிந்திருக்கிறது. ஐந்து மாதமாக உலகத்துக்குத் தெரிந்தது அந்த வெற்றுக் கட்டம்தான்.

ஆள் தொலைந்த முதல் வாரத்தில்தான் கண்டவர்களுக்கு முகம் நினைவிருக்கும். அந்த வாரத்தை வீணாக்கியவள் நான். இதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நோட்டீஸ் அடிக்கப் போனார். நான் அம்மாவை சென்டருக்கு இழுத்துப் போய், இரண்டு நிமிடத்தில் படத்தையும் ஏற்றி, இணையத்திலேயே திறந்து காட்டினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதி எனக்கு.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சோத்துக்கு இன்னா பண்ணானோ. இந்நேரம் இந்த மூஞ்சியாடி இருக்கும் அவனுக்கு?"

படம் சிறியதாக இருப்பதால் சொல்கிறாள் என்று நினைத்தேன். அகலத்துக்கான எண்ணை இரண்டு மடங்காக்கிவிட்டு, "இப்போ பாரும்மா" என்றேன்.