இரண்டாம் பாகத்தில் கோழி இல்லை

அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வேண்டுமென்று யார் அழுதார்கள்? முதல் பாகம் நன்றாகத்தானே முடிந்தது. கரையில் அனாதையாகக் கிடந்த ஆமைக்குஞ்சை ஒரு கோழி எடுத்து வளர்க்கும். நீச்சல் தெரியாத கோழி. குஞ்சு கடலுக்குள் இறங்கும்போதெல்லாம் மணலில் குதித்துக் குதித்துக் கத்திப் பாடும். கார்ட்டூன் படம்தான். ஆனால் என் தங்கை மகள் அந்தப் பாட்டை மோட்டாரில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு பாயான் லெப்பாஸ் சாலை முழுக்கப் பாடுவாள். கோழியின் வரிகளை நான்தான் பாட வேண்டும். சிக்னலில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன வெட்கம்.

அவளை இரண்டு வயதில் என்னிடம் விட்டுவிட்டு என் தங்கை ஜொகூருக்குப் போனாள். "கொஞ்ச நாள் பாத்துக்கக்கா, செட்டில் ஆனதும் கூட்டிக்கிறேன்" என்றாள். அங்கே மறுகல்யாணம், புது வீடு. பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. போன வாரம் திடீரென்று போன் செய்கிறாள்: "ஸ்கூல் லீவுல வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்கா. இனிமே இங்கயே படிக்கட்டும்." வாந்தி அள்ளியவள் நான், பேன் பார்த்தவள் நான், பிள்ளைக்காக ஃபேக்டரியில் கெஞ்சிக் கூத்தாடிக் காலை ஷிப்ட் வாங்கியவள் நான். பெற்றவள் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டுமாம். பிள்ளையிடம் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இரண்டாம் பாகம் பார்க்கக் கூட்டிப் போனேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஆமைக்குஞ்சின் உண்மையான அம்மா கடலிலிருந்து வந்துவிட்டாள். இத்தனை நாளாக எங்கே போயிருந்தாளாம்? அதை ஒருவரும் கேட்கவில்லை. நண்டு, திமிங்கிலம் எல்லாம் சேர்ந்து ஆட்டம் பாட்டம். கோழி கரையில் நின்று ஒருமுறை இறக்கையை ஆட்டியது. அவ்வளவுதான், அப்புறம் ஆளையே காணோம். என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம், "என்னதான் இருந்தாலும் பெத்த தாய் பெத்த தாய்தான்லா" என்றாள். கையிலிருந்த பாப்கார்னை அவள் தலையில் கொட்டலாமா என்றிருந்தது.

விளக்கு போட்டார்கள். என் பிள்ளை எழுந்திருக்கவில்லை.

"வாம்மா, முடிஞ்சிருச்சு."

"இன்னும் கோழி வரல பெரியம்மா."

திரையில் பெயர்கள் ஓடி முடிந்து, துடைப்பத்தோடு ஆள் வந்து நிற்கும்வரை உட்கார்ந்தே இருந்தாள். கோழி வரவில்லை. படம் எடுத்தவன் அப்போது என் கையில் சிக்கியிருந்தால் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

மோட்டார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது போன் அடித்தது. தங்கைதான். ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையிடம் நீட்டினேன். சொல்ல வேண்டியதை அவளே சொல்லட்டும்.

"லீவுல அம்மாகிட்ட வந்துடுறியாடா? இனிமே இங்கயே இருந்துக்கலாம்."

"பெரியம்மாவும் வராங்களா?"

"பெரியம்மாவுக்கு அங்க வேலை இருக்கும்மா."

"அப்ப எனக்கும் இங்க வேலை இருக்கு" என்று சொல்லிப் போனை அணைத்து என் கையில் திணித்தாள்.